நூற்றுப் பதினெட்டு சென்ரிமீற்றர் எம்டன்

என்னுடைய மனுசன் கப்பல் கட்டத் தொடங்கியபோது எங்களுக்கென்று ஒரு வீடுகூட இருக்கவில்லை. பளையில் இருந்த கல்வீட்டைத் தொண்ணூற்றாறில் விட்டுவிட்டு வந்து, வன்னியில் புதுக்குடியிருப்பில் ஒரு தென்னங்காணிக்குள் கொட்டில் போட்டிருந்தோம். கூரையில் அரைவாசிக்குத்தான் கிடுகு. மிச்சத்துக்கு நிவாரணத்தில் தந்த தறப்பாள். அந்தத் தறப்பாளுக்குக் கீழே குந்தியிருந்துகொண்டு இவர் சொன்னார்:

"இஞ்சேர், எம்டனைக் கட்டுவமெண்டு நினைக்கிறன்."

"முதல்ல கூரையைக் கட்டுங்கோ" என்றேன்.

எம்டன் என்றால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். முதலாம் உலக யுத்தத்தில் சென்னைக்குக் குண்டு போட்டுவிட்டு, வெள்ளைக்காரனின் கடற்படை முழுவதற்கும் தண்ணி காட்டிக்கொண்டு திரிந்த ஜேர்மன் போர்க்கப்பல். ஊரில் ஒருவன் கொஞ்சம் விளையாட்டுக் காட்டினால் "அவன் ஒரு எம்டன்" என்று சொல்லுவோம். இவர் அந்தக் கப்பலின் படத்தை ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத் தாளில் கண்டெடுத்து, பக்கப்பாடும் மேற்பாடும் அளவோடு கீறியிருந்ததால், காணி உறுதியும் பிறப்புப் பத்திரமும் வைத்த பைக்குள் அதையும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வந்தோம். தாள் வந்து சேர்ந்தது.

"மேலை கிபிர்ப் பிளேன், கீழை ஷெல். இதுக்குள்ளை உங்களுக்கு ஒரு போர்க்கப்பல்தான் குறைச்சலோ?" என்று கேட்டேன்.

"கை சும்மா இருக்கேலாமல் கிடக்கு" என்றார்.

அது உண்மைதான். இவர், வீரகத்தி என்றால் பளைச் சந்தியில் எல்லோருக்கும் தெரிந்த ரேடியோக் கடைக்காரர். வன்னிக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கத்தின் தடை. பற்றரி இல்லாத ஊரில் ரேடியோ திருத்துகிறவனுக்கு என்ன வேலை? ஆட்கள் பழைய பற்றரிகளை ஆணியால் குத்தி, உப்புத் தண்ணீர் விட்டு, வெயிலில் காயவைத்துப் பத்து நிமிசம் செய்தி கேட்டார்கள். அல்லது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினார்கள். இவர் நாள் முழுவதும் கையைப் பிசைந்துகொண்டு என் குசினியில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஆகவே கப்பலைக் கட்டட்டும் என்று விட்டேன். என் பேச்சைக் கேட்டு இவர் எதையும் நிறுத்தியதும் இல்லை.

கப்பல் சும்மா மிதக்கிற கப்பல் இல்லை, ரிமோட்டில் ஓடவேண்டும் என்றார். அதற்கும் கையில் சாமான் இருந்தது. பளையில் ஒருவர் திருத்தத் தந்த கனடாக் கார், பிள்ளைகள் விளையாடுவது, ரிமோட்டில் ஓடும். தந்தவர் திரும்பி வரவேயில்லை. இரண்டு வருசமாக "ஆள் வந்து கேட்டால் குடுக்கவேணும்" என்று துணியில் சுற்றி வைத்திருந்தவர், ஒருநாள் அந்தத் துணியை அவிழ்த்து, கும்பிட்டுவிட்டுக் காரை இரண்டாகப் பிளந்தார்.

பலகைதான் கிடைக்கவில்லை. மரப்பலகை கனம், வளையாது. அதைத் தீர்த்துவைத்தவர் பக்கத்துக் காணியில் இருந்த பழனியாண்டி. மலையகத்தில் அற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த மனிதர். வரும்போது குடும்பத்தின் சொத்து முழுவதையும் இரண்டு தேயிலைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டு வந்தார். இருபது வருசமாக அந்தப் பெட்டிகள்தான் அவர்களுக்கு அலுமாரி. அதில் ஒன்றைத் தூக்கிவந்து எங்கள் முற்றத்தில் வைத்தார்.

"எடுத்துக்குங்கய்யா. மெல்லிசுப் பலகை, தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது. உள்ளுக்குள்ள ஈயத்தாளு இருக்கு, அதுவும் ஒதவும்."

நான் அன்று அவருக்கு ஒரு தேத்தண்ணிகூட உள்ளே கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. வெளியில் வைத்துத்தான் கொடுத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அப்படிப்பட்ட ஆள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

கப்பல் நூற்றுப் பதினெட்டு மீற்றர் நீளமாம். எங்களுடையது நூற்றுப் பதினெட்டு சென்ரிமீற்றர். ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர், கணக்குச் சுலபம் என்றார் இவர். ஆனால் அந்தச் சுலபமான கணக்கையும் இவரால் போட முடியவில்லை. கண்ணில் வெண்படலம் விழத் தொடங்கியிருந்தது. அடிமட்டத்தின் கோடுகள் தெரியாமல் தாளை முகத்தில் ஒட்டுகிற மாதிரிப் பிடித்தார். வன்னியில் அதை வெட்டி எடுக்க வசதி இல்லை, வவுனியாவுக்குத்தான் போகவேண்டும். "பிறகு பாப்பம்" என்றார். பிறகு என்ற சொல்லை நாங்கள் அந்த வருசங்களில் எத்தனை தரம் சொல்லியிருப்போம் என்று தெரியாது.

அப்போதுதான் கஜனியைக் கூப்பிட்டார். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் அளவு வாசித்துச் சொல்லத்தான் கூப்பிட்டார். பிறகு சதுரக் கொப்பியில் கப்பலின் விலா எலும்புகளை அவளே கீறினாள். பிறகு வயர் ஒட்டுவதும் அவள் கைக்குப் போனது. மின்சாரம் இல்லாதபடியால் சிரட்டைக் கரியில் ஒரு செப்புக் கம்பியைச் சூடாக்கி, அதன் நுனியால் ஈயத்தை உருக்கி ஒட்டவேண்டும். கம்பி அதிகம் சுட்டால் உள்ளே இருக்கும் சின்னச் சாமான்கள் செத்துவிடும், காணாவிட்டால் ஈயம் ஒட்டாது. அவள் கம்பியைக் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள். ஆறு மாதத்தில் கப்பல் கட்டுகிற ஓடாவி அவள், இவர் கையாள் என்று ஆகிவிட்டது. "அப்பா, அதை எடுங்கோ. அப்பா, இதைப் பிடியுங்கோ." இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு பிடிப்பார். நான் கூப்பிட்டால் ஒரு வாளி தண்ணீர் அள்ளித்தர மாட்டார்.

தேயிலைப் பெட்டிப் பலகையைக் கீலம் கீலமாகச் சீவி, சுடுதண்ணீரில் ஊறவைத்து வளைத்தார்கள். முல்லைத்தீவு மீன்காரரிடம் கேட்டு, குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நீக்கல்களை அடைத்தார்கள். என் தேங்காயெண்ணெய்! சாப்பாட்டுக்கே அளந்து விட்ட காலம். பால்மா ரின்னை வெட்டிக் காற்றாடி, பேனைக் குச்சிகளில் பத்துப் பீரங்கி, வெள்ளைப் பெயின்ற்றுக்குள் விளக்குக் கரியைக் குழைத்துச் சாம்பல் நிறம். எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. எதிரியை ஏய்க்க அதன் மாலுமிகள் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியும் வைத்தார்களாம். கஜனி அதையும் கழற்றிப் பூட்டக்கூடியதாக ஈயத்தாளில் செய்துவைத்தாள்.

மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றை டைனமோவால் ஏற்றி உள்ளே வைத்து, பின்னாலிருந்த குளத்தில் முதன்முதலாக விட்டபோது கப்பல் இடப்பக்கம் சரிந்து படுத்துக்கொண்டது. இவர் தலையில் கைவைத்தார். கஜனி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அடியில் பாரத்துக்கு வைத்திருந்த வலை ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிவைத்தாள். பிறகு கரைக்கு வந்து ரிமோட்டை எடுத்தாள். கப்பல் நேராக நடுக்குளத்துக்குப் போய், ஒரு வட்டம் போட்டு, எங்களிடமே திரும்பி வந்தது. நான் விறகு பொறுக்க வந்தவள். விறகைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணியில் கஜனிக்குக் கடிதம் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகம், பொறியியற் பீடம். செப்ரெம்பர் இருபத்தெட்டாம் திகதி முடிவதற்குள் அங்கே போய்ப் பதியவேண்டும். குப்பி விளக்கில் படித்து, மூன்று பாடமும் எழுதி, மெய்யாகவே எடுபட்டுவிட்டாள். நான் பிள்ளையாருக்கு மோதகம் அவித்தேன்.

போவதற்குப் பாஸ் வேண்டும். வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போகிற எவருக்கும், வன்னியை அப்போது ஆண்ட இயக்கத்தின் அனுமதி வேண்டும். கிழவர்களுக்குச் சுலபம், இளம் பிள்ளைகளுக்கு அது லேசில் கிடைக்காது. படிக்கப் போகிற பிள்ளைகளில் சிலருக்குக் கொடுத்தார்கள், சிலருக்கு இழுத்தடித்தார்கள். நான் மூன்று தரம் போனேன். "வாற கிழமை வாங்கோ அம்மா" என்று மூன்று தரமும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு வாற கிழமைக்கும் நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அந்தக் கிழமைகளில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. பிள்ளை போகவேண்டும். இந்தச் சத்தங்களுக்கு வெளியே போய், கரண்ட் இருக்கிற ஓர் இடத்தில் இருந்து படிக்கவேண்டும்.

அந்த நேரம்தான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி வைத்தார்கள். கஜனியைப் படிப்பித்த இராசேஸ்வரி ரீச்சர் வீட்டுக்கு வந்து கப்பலைக் கேட்டா.

"அது விளையாட்டுச் சாமான் ரீச்சர். சபைக்கு வேண்டாம்" என்றார் இவர்.

"பெரிய ஆக்களெல்லாம் வருகினம். பாஸ் குடுக்கிற இடத்துப் பொறுப்பாளரும் வாறார்" என்றா ரீச்சர்.

எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? இந்தப் பிள்ளையின் கெட்டித்தனத்தை அந்த மனிதர் தன் கண்ணால் கண்டால், 'அட, இப்படிப்பட்ட பிள்ளையைத் தடுக்கலாமா, போய்ப் படிச்சிட்டு வரட்டும்' என்று அன்றைக்கே கையெழுத்து வைக்கமாட்டாரா? நான் அப்படித்தான் நினைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் வாத்தியார் மேல்வகுப்புக்கு அனுப்புவார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம்.

கஜனி ஒரு மட்டையில் விபரம் எழுதினாள். 'எம்டன். அளவு நூறுக்கு ஒன்று. ஆக்கம்: க. வீரகத்தி.' நான் அதைப் பார்த்ததும் கோபம் வந்தது.

"கொப்பர் எங்கை செய்தவர்? நீதானே செய்தனி!"

"அப்பான்ரை யோசினைதானே அம்மா. கிடக்கட்டும்."

அவள் கிணற்றடிக்குப் போனதும் அந்த மட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புதிதாக ஒன்று எடுத்து, என் முத்து முத்தான எழுத்தில் எழுதினேன். 'ஆக்கம்: செல்வி கஜனி வீரகத்தி. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்குத் தெரிவானவர்.' தெரிவானவர் என்பதன் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

கப்பலைத் தூக்கிக்கொண்டு போக வந்த பழனியாண்டி மட்டையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"அம்மா, பொண்ணு பேரப் போடாதீங்க. ஐயா பேரே இருந்துட்டுப் போவட்டும்."

"ஏன்?"

"தோட்டத்துல நாங்க பாத்ததும்மா. எங்கப்பாரு மெசினு வேல நல்லாச் செய்வாரு. தொர அதக் கண்டுக்கிட்டான். அப்புறம் இந்தியாவுல ஊருக்குப் போவணும்னு எத்தினி தடவ கேட்டாரு, விடவே இல்ல. வேல தெரியாதவனெல்லாம் போயிட்டான்."

"இது தேயிலைத் தோட்டம் இல்லை பழனியாண்டி" என்றேன். "உங்களுக்குப் படிப்பு விசயம் விளங்காது."

அவர் குனிந்து கப்பலின் முன்பக்கத்தைத் தூக்கினார். அந்த மனிதருக்கு நான் சொன்ன அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு நாக்குக் கசக்கிறது.

பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய கிடங்கு வெட்டி, தறப்பாள் விரித்து, கிணற்றிலிருந்து அள்ளி நிரப்பியிருந்தார்கள். சனம் நெருக்கியடித்தது. கஜனி வெள்ளைச் சட்டையோடு நின்று கப்பலை ஓட்டினாள். பொய்ப் புகைபோக்கியைப் பூட்டிக் காட்டியபோது கைதட்டு. பொறுப்பாளர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, மெலிந்த ஆள், அடக்கமான பேச்சு. மட்டையை வாசித்தார். ஒரு தரம் வாசித்துவிட்டு இன்னொரு தரமும் வாசித்தார்.

"எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யும் தங்கச்சி?"

"இருபத்தைஞ்சு மீற்றர். ஏரியலை மாத்தினால் இன்னும் கூட்டலாம்" என்றாள் கஜனி. கேள்வி கேட்டால் அவள் முகம் மலர்ந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"எவ்வளவுக்கு?"

"நல்ல சாமான் கிடைச்சால் எவ்வளவுக்கும்."

இவர் பக்கத்தில் நின்று கஜனியின் கையைத் தொட்டார், காணும் என்கிற மாதிரி. நான் இவரை முறைத்தேன். பிள்ளை கதைக்கும்போது என்ன குறுக்கீடு என்று நினைத்தேன்.

பின்னேரம் கூட்டத்துக்குள் யாரோ கப்பலின் கொடிமரத்தைப் பிடித்து இழுத்ததில் உள்ளே வயர்கள் விட்டுப்போய் அது நின்றுவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே மூலையில் வைத்தோம்.

மூன்றாம் நாள் காலை மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பொறுப்பாளர் இறங்கினார், பின்னால் ஓர் இளம் பெண், இயக்கத்துப் பிள்ளை, நீளக்காற்சட்டை போட்டிருந்தாள். அவர் கையில் ஒரு கோவை. கோவைக்குள் நான் நிரப்பிக் கொடுத்த பாஸ் விண்ணப்பம் தெரிந்தது. எங்களிடம் இருந்த ஒரேயொரு கதிரையைத் துடைத்துப் போட்டேன். சீனி இல்லை, பனங்கட்டியோடு தேத்தண்ணி வைத்தேன். மனம் துள்ளிக்கொண்டிருந்தது.

"தங்கச்சிதானே கப்பல் செய்தது?" என்று அவர் கேட்டார்.

"இல்லை" என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் கலியாணம் கட்டிய இருபத்தொரு வருசத்தில் கண்டதில்லை.

"நான்தான் தம்பி செய்தனான். பிள்ளை சாமான் எடுத்துத் தந்தவள், அவ்வளவுதான். படிக்கப்போற பிள்ளையெண்டு பேரைப் போட்டுவிட்டம். பளையிலை கேட்டுப் பாருங்கோ, வீரகத்தி ஆரெண்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழனியாண்டிக்கு மட்டையைக் கண்டவுடனும், இவருக்குப் பள்ளிக்கூட முற்றத்திலும் விளங்கியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குசினி வாசலில் நின்ற கஜனியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பொறுப்பாளர் கோபப்படவில்லை. உண்மையில் சந்தோசப்பட்ட மாதிரித்தான் இருந்தது.

"நல்லதாப் போச்சு ஐயா. எங்களுக்குத் தேவை வேலை தெரிஞ்ச ஆள். ஐயா வந்து எங்கடை பிள்ளையளுக்குச் சொல்லித் தாங்கோ. தங்கச்சிக்கு இப்பவே எழுதித் தந்திட்டுப் போறன்."

"ஓம் தம்பி, வாறன். எழுதுங்கோ."

பொறுப்பாளர் பேனையை எடுத்தார். எடுத்தவர் மூலையில் இருந்த கப்பலைப் பார்த்தார்.

"அண்டைக்கு நிண்டு போச்சாமே. எங்களுக்கு முன்னாலை ஒருக்காத் திருத்திக் காட்டுங்கோவன் ஐயா. அவசரம் இல்லை, நாங்கள் இருக்கிறம்."

இவர் தாமதிக்கவில்லை. கப்பலை மடியில் எடுத்து வைத்தார். அடுப்பிலிருந்து சிரட்டைத் தணலை நானே எடுத்துக்கொண்டுபோய் வைத்தேன். ஒரு தணல் நிலத்தில் விழுந்தது. இவர் மேல்தட்டைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு விளங்கப்படுத்தினார். இது அலையைப் பிடிக்கிறது, இது காற்றாடி மோட்டார், இது சுக்கான் மோட்டார், இந்த வயர் இங்கே வரவேண்டும். ஒரு சொல் பிழையில்லை. அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிமுடிய விட்டிருந்தால் தப்பியிருப்போம்.

பிறகு செப்புக் கம்பியை எடுத்தார். வயர் நுனியைத் தேடினார். கை அதற்கு ஒரு விரலளவு தள்ளிக் காற்றில் தேடியது. கண்டுபிடித்து, கம்பியை வைத்தது சொந்தப் பெருவிரலில். சத்தம் போடவில்லை. "சூடு காணாது" என்று சொல்லி மறுபடியும் தணலில் வைத்தார். எனக்கு அந்த மணம் வந்தது. இரண்டாம் தரம் ஈயம் உருகி வேறெங்கோ விழுந்து புகைந்தது.

பொறுப்பாளர் இப்போது கப்பலைப் பார்க்கவில்லை. இவருடைய கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவுக்கு எப்ப இருந்து கண் தெரியாது?"

"தெரியும் தம்பி. இண்டைக்கு வெளிச்சம் குறைவு."

பகல் பதினொரு மணி. தறப்பாளின் ஓட்டைகளால் வெயில் கப்பலின்மேல் விழுந்துகொண்டிருந்தது. இவர் குனிந்து மூன்றாம் தரமும் கம்பியை எடுத்தார். வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மற்றக் கை வயரைத் தடவித் தேட, அந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் தொழிலில் ஒருநாளும் ஒருவருக்கும் தலைகுனியாத மனிதர்.

கஜனி என் கையை உதறவில்லை. என்னுடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். நான் திரும்பவும் பிடித்தேன், திரும்பவும் எடுத்தாள். போய் இவர் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, விடுங்கோ. சுடும்."

"நீ உள்ளை போ பிள்ளை" என்றார் இவர். அதட்டலாகச் சொல்ல நினைத்திருப்பார், கெஞ்சலாகத்தான் வந்தது.

அவள் இவர் விரல்களிலிருந்து கம்பியை வாங்கினாள். கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். இரண்டு நிமிசம்கூட ஆகியிருக்காது. வயர்களை ஒட்டி, பிழையாக விழுந்த ஈயத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, ரிமோட்டை நீட்டினாள். பொறுப்பாளர் அதை வாங்கி அழுத்தினார். சுக்கான் இடப்பக்கம் திரும்பியது, பிறகு வலப்பக்கம் திரும்பியது.

"அம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அவர். குரலில் கடுமை இல்லை. "இப்பிடி ஒரு கையை வெளியிலை அனுப்பிப்போட்டு நாங்கள் என்ன செய்யிறது? நீங்களே சொல்லுங்கோ."

விண்ணப்பத்தை மடித்துக் கோவைக்குள் வைத்தார். அந்த இளம் பெண் கஜனியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் அரை மணித்தியாலம் கதைத்தாள். என்ன கதைத்தார்கள் என்று கஜனி எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒருவரும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வியாழக்கிழமை தானாகவே உடுப்பை அடுக்கினாள்.

"ரெண்டு வருசம்தான் அம்மா. பிறகு படிக்க விடுறதெண்டு சொல்லியிருக்கினம். அப்பாவை ஒண்டும் கேக்க மாட்டினம்."

"நீ அவை சொல்லுறதை நம்புறியோ?"

"வேறை என்னத்தை நம்புறது?" என்று கேட்டாள். அவளுக்குத் தலையை வாரிவிட்டேன். அவள் போய் நாலாம் நாள், திங்கட்கிழமை, பேராதனையில் பதியவேண்டிய கடைசி நாள். கிளிநொச்சிப் பக்கம் முதல்நாள் விடியத் தொடங்கிய வெடிச்சத்தம் அன்றும் பகல் முழுவதும் நிற்கவில்லை. நான் கலண்டரைக் கழற்றி அடுப்பில் வைத்தேன்.

மூன்று தரம் லீவில் வந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் கண் அதே கண். ஒவ்வொரு தரமும் முதல் வேலையாக இவருடைய முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்ப்பாள். இரண்டு வருசத்துக்கு ஐந்து மாதம் குறைவாக இருக்கும்போது, இரண்டாயிரமாம் ஆண்டு சித்திரையில், வேறு ஆட்கள் வந்தார்கள். வேலை செய்கிற இடத்தில் விபத்து என்றார்கள். பெட்டியைத் திறக்கவேண்டாம் என்றார்கள். இவர் பெட்டியின்மேல் கையை வைத்து, பலகையை நீளத்துக்கும் தடவிக்கொண்டே இருந்தார். பழனியாண்டிதான் இவரைத் தூக்கிக் கொண்டுபோய் நிழலில் இருத்தினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனமெல்லாம் போன பின்னேரம், இனிமேலும் நெஞ்சுக்குள் வைத்திருக்க முடியாமல் இவரிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, உங்கடை பேரைக் கிழிச்செறிஞ்சு பிள்ளையின்ரை பேரை எழுதினது நான்தான். நான்தான் அவளைக் காட்டிக்குடுத்தனான்."

அடிப்பார், இல்லாவிட்டால் எழும்பிப் போவார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். இவர் தன் கையை நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும். பழனியாண்டியைக் கொண்டு அண்டைக்கே வாசிப்பிச்சனான். கழட்டிப்போடச் சொல்லியும் அவன் சொன்னவன். நான்தான் கழட்டேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "மூண்டு மணித்தியாலம் அந்த மட்டைக்குப் பக்கத்திலை நிண்டு, வந்தவன் போனவனெல்லாருக்கும் என்ரை மகள், என்ரை மகளெண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான்."

பிறகு அழுதார். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து நான் கண்டிராத அழுகை. நான் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இன்னும் இருக்கிறது. அன்று எங்கள் கொட்டிலுக்குள் சுக்கான் திரும்பியபோது நான் பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் வாய் திறந்தபடி என் பிள்ளையை வியந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டும் அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. என் பிள்ளையின் கெட்டித்தனத்தை ஒருவர் கண்டுவிட்டார் என்று என் மனம் பூரித்தது.